ஒரே நாளில் ஆறு பாயின்ட்!

போடிநாயக்கனூருக்கு வெளியே மாந்தோப்புக்கு நடுவில் ஒரு பண்ணை வீடு. போன வருடம் நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு நான்கு நாள் அங்கே தங்கினேன். போய் இறங்கியதும் இளநீர் கொடுத்தார்கள். கூடவே, லேமினேட் செய்த ஓர் அட்டையும் கொடுத்தார்கள். நான்கு நாளும் நாங்கள் காரில் எங்கெங்கே போக வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

முதல் நாள்: போடிமெட்டு, பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, கேப் ரோடு, மூணாறு, டாப் ஸ்டேஷன். இரண்டாம் நாள்: கொழுக்குமலையில் சூரிய உதயம், திரும்பும் வழியில் சதுரங்கப்பாறை. மூன்றாம் நாள்: சின்னமனூர் வழியாக மேகமலை. நான்காம் நாள்: கும்பக்கரை, வைகை அணை, சுருளி அருவி. கீழே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: 'காலை 6 மணிக்குக் கிளம்பினால் எல்லா பாயின்ட்டும் கவர் ஆகும்!'

கவர் ஆகும்! பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி 'போர்ஷன் கவர் ஆயிடுச்சா' என்று பிள்ளைகளைக் கேட்போமே, அதே பாஷை. மலைக்கும் சிலபஸ் போட்டுவிட்டோம்.

நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடியிலிருந்து மூணாறு சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து டாப் ஸ்டேஷன் இன்னும் முப்பது சொச்சம். போக, வர 200 கிலோமீட்டருக்கு மேல். மலைச்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். ஆக, ஏழு மணி நேரம் காருக்குள். பத்து மணி நேரப் பயணத்தில் மிச்சம் இருப்பது மூன்று மணி நேரம். அதை ஆறு பாயின்ட்டுக்குப் பங்கு போட்டால், பாயின்ட் ஒன்றுக்கு அரை மணி. அந்த அரை மணியில் பார்க்கிங் தேட வேண்டும், டீ குடிக்க வேண்டும், குழந்தையை பாத்ரூம் கூட்டிப் போக வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். மலையைப் பார்ப்பது எப்போது என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் போட்டோ எடுத்தாகிவிட்டதே!

இந்தக் கூத்து எங்களோடு முடிந்தால் கேலி பேசிவிட்டுப் போய்விடலாம். முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வளைவில் ஒரு ஜீப்

மறுநாள் காலை அட்டையில் சொன்னபடியே கிளம்பினோம். முந்தல் செக்போஸ்ட் தாண்டியதும் சாலை மலை ஏறத் தொடங்கும். போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியிருப்போம். ஒரு வளைவில் திரும்பியதும் கீழே சமவெளி முழுக்க மேகம். போடி ஊரே பாலில் மிதக்கிற மாதிரி இருந்தது. நண்பர் "நிறுத்து, நிறுத்து!" என்றார். வளைவிலேயே கார் நின்றது. கதவு நாலும் திறந்தன. செல்போன்கள் வெளியே வந்தன.

பின்னால் ஹாரன் சத்தம். ஒரு ஜீப். பத்துப் பேர்கூட வசதியாக உட்கார முடியாத வண்டியில் அதைப்போல் ஒன்றரை மடங்கு ஆட்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற பழைய முழுக்கைச் சட்டை, மடியில் தூக்குச்சட்டி. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள்.

"சார், வண்டிய கொஞ்சம் ஒதுக்குங்க சார்" என்றார் ஜீப் டிரைவர்.

"ரெண்டே நிமிஷம்ப்பா. இந்த மேகம் கலைஞ்சிடும்" என்றார் நண்பர்.

ஜீப்புக்குள்ளிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். "அண்ணே, மேகம் நாளைக்கும் வரும். நாங்க நேரத்துக்குக் காட்டுல போய் நிக்கலேன்னா இன்னைக்குச் சம்பளம் வராது."

காரை நகர்த்தினோம். ஆனால் அந்த ரெண்டு நிமிஷம் ஐந்து நிமிஷமாகியிருந்தது. ஜீப் எங்களைத் தாண்டி, போன நேரத்தைப் பிடிக்கிற வேகத்தில் அடுத்த வளைவை எடுத்தது. அந்த வேகத்தைப் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த வேகத்துக்குக் காரணம் ஜீப் டிரைவர் இல்லை. நாங்கள்.

போடிமெட்டில் டீக்கடை ஓரமாக அதே ஜீப் நின்றது. அந்த அம்மாவிடம் போய், "மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது கெடக்கு விடுங்கண்ணே. இருபது வருசமா இந்த மலையில ஏறி எறங்குறேன். அப்படி என்னத்தத்தான் பாக்க வர்றீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பெயரிலேயே இருக்கிறது

நாம் பார்க்கப் போகிற இடங்களின் பெயரையாவது பார்த்திருக்கிறோமா?

டாப் ஸ்டேஷன் என்றால் 'உச்சியில் இருந்து பார்க்கும் இடம்' என்றுதான் நண்பரின் மகள் நினைத்திருந்தாள். அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரக்கு ஏற்றிய ஸ்டேஷன். 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகத் தேயிலை கொண்டுவர ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அதைச் சின்ன ரயில் பாதையாக மாற்றினார்கள். ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடி, பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல், பிறகு லண்டன். மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். அவ்வளவுதான் பெயர்க் காரணம். 1924-இல், கொல்லம் ஆண்டு 1099-இல், வந்த பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. கேரளத்தில் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். பாதை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இன்னொரு வேடிக்கை. போடியிலிருந்து குரங்கணிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் டாப் ஸ்டேஷன் முகடு தலைக்கு மேலே நிற்கிறது. நடந்து ஏறப் பாதை உண்டு. நாமோ அந்த முகட்டுக்குப் போக நூறு கிலோமீட்டர் டீசல் எரித்துச் சுற்றிப் போகிறோம்.

ஆனையிறங்கல். பெயரைச் சொல்லும்போதே அர்த்தம் தெரிகிறது. யானை இறங்கித் தண்ணீர் குடிக்கிற இடம். அந்த இடத்தில் அணை, அணையில் படகு, சுற்றிலும் தேயிலை, அதையடுத்த சின்னக்கானலில் ரிசார்ட்டுகள். அங்கே சுற்றிக்கொண்டிருந்த 'அரிக்கொம்பன்' யானையை ஞாபகம் இருக்கிறதா? ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்கிறது என்று 2023 ஏப்ரல் 29-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் வந்தது. மே 27-ஆம் தேதி கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கிவிட்டது. 144 தடையுத்தரவு போட்டார்கள். ஜூன் 5-ஆம் தேதி மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

டி.வி.க்காரர்கள் அப்போது 'ஊருக்குள் புகுந்த காட்டு யானை' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அதன் காட்டுக்குள் யார் யார் புகுந்தார்கள் என்று யாராவது ஒரு பட்டியல் போட்டிருந்தால், நம் காரின் நம்பரும் அதில் இருந்திருக்கும்.

பச்சைக் கம்பளத்துக்குக் கீழே

போடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊரின் பணம் மலையிலிருந்து வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடக்கிற இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று இடுக்கி மாவட்டத்துப் புற்றடி. இன்னொன்று நம்ம போடி. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. அதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதின.

அந்த ஒரு கிலோ எப்படி வருகிறது? ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால், காய் காய்ப்பது அடித்தூரில், மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற சரத்தில். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க முடியும். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. முற்றியதைக் கைவிரல் பார்த்து எடுக்க வேண்டும், பிஞ்சை விட்டுவைக்க வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் வரை இதே வேலை. காலில் அட்டை, முதுகில் மழை. இப்படி எடுத்த பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்ந்தால், காய்ந்த காய் ஏறக்குறைய ஒரு கிலோ.

இதைச் செய்கிறவர்கள் போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பக்கத்து பெண்கள். விடிவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டு ஜீப் ஏறுகிறார்கள். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்று மூன்று வழிகளிலும் மாநில எல்லையைத் தாண்டிப் போய், பொழுது சாய்கையில் திரும்பி வருகிறார்கள். 'தொழிலாளர் ஜீப் கவிழ்ந்தது' என்று வருடந்தோறும் செய்தி வருகிறது. எங்கே வருகிறது? உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில். நாம் சினிமா விளம்பரத்தைத் தேடிப் பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் படும்.

எனக்குத் தெரிந்து எந்தச் சுற்றுலா அட்டையிலும் இவர்கள் இல்லை. அட்டையில் இருப்பது 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்' என்கிற வர்ணனை. கம்பளத்தை விரித்தது யார்?

அந்தக் கம்பளத்துக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அவர்களே இரண்டு தடவை நமக்குக் காட்டினார்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவிகித போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட பக்கத்தில் சேர்க்கவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். சாலை மறிபட்டது. சுற்றுலா வண்டிகள் நின்றன. ஒன்பது நாளில் கேட்ட போனஸை வாங்கினார்கள்.

இரண்டாவது தடவை, அவர்கள் செத்துக் காட்ட வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். மூணாறு போகிறவர்கள் வரையாடு பார்க்கப் போகிற ராஜமலைக்கு அந்தப் பக்கம்தான் பெட்டிமுடி. வரையாட்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் 'அந்த லயம் எங்கே இருந்தது' என்று கேட்டிருப்பார்கள்?

நடந்தால் குற்றம், காரில் போனால் இல்லையா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்கள் அதில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், இளம்பெண்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன் மலைக்கு ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

அதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது. அதே 2018-இல் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் நாற்பது பாதைகளை வகுத்து, இணையத்தில் பதிவு, உடன் வர உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்கு செய்தார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அந்த நாற்பதில் ஒன்று. நல்ல ஏற்பாடு. தாமதமாக வந்தாலும் நல்ல ஏற்பாடுதான்.

இப்போது என் கேள்வி. காலால் நடந்து மலைக்குப் போகிற பத்துப் பேருக்குப் பெயர்ப் பதிவு, கட்டணம், வழிகாட்டி, தலைக்கணக்கு. காரில் போகிற பத்தாயிரம் பேருக்கு? ஒன்றுமில்லை. வளைவில் நிறுத்தலாம். குரங்குக்குச் சிப்ஸ் போடலாம். பாட்டிலை உடைத்துப் பள்ளத்தில் வீசலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. போடி மலைச்சாலையின் ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அந்தத் தடை இன்னும் மலை ஏறவில்லை என்று தெரியும்.

பூவைக்கூட நாம் விட்டுவைக்கவில்லை. 2022 அக்டோபரில் சாந்தன்பாறை பக்கத்தில், கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. செய்தி பரவிய வேகத்தில் வண்டிகள் குவிந்தன. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூத்த பூவைப் பறித்துக் காதில் செருகிப் படம் எடுத்துக்கொண்டார்கள். குடித்த தண்ணீர் பாட்டிலைப் பூவுக்கு நடுவே போட்டுவிட்டு வந்தார்கள். குறிஞ்சி பூத்து, விதை உதிர்த்து, செத்துப்போகும் செடி. பூவைப் பறிப்பது என்றால், அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கான விதையைப் பறிப்பது என்று அர்த்தம்.

'அப்ப யாரும் போகக் கூடாதா சார்?'

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது, அவர் கோபப்பட்டார். அவர் கேட்டவை நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வருஷம் முழுக்க ஆபீஸ்ல செத்துட்டு மூணு நாள் லீவு போட்டு வர்றோம். இதுவும் தப்பா?" தப்பே இல்லை. மலையைப் பார்க்க ஆசைப்படுவது மனுஷ குணம். நானும் அந்தக் காரில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் லீவை இருபது பாயின்ட்டாக நறுக்கச் சொன்னது யார் என்பதுதான் என் கேள்வி. ஆபீஸ் டார்கெட்டிலிருந்து தப்பித்து வந்து, மலையிலும் டார்கெட் வைத்துக்கொள்வானேன்?

"டூரிஸ்ட் வந்தாத்தானே உள்ளூர்க்காரனுக்குப் பிழைப்பு?" உண்மை. சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறவர், சோளக்கதிர் சுடுகிற பாட்டி, ஏலக்காய் டீ ஆற்றுகிறவர் எல்லோருக்கும் நம் பணம் வேண்டும். ஆனால், பெட்ரோலைக் கீழேயே போட்டுக்கொண்டு, புளியோதரையைக் கட்டிக்கொண்டு, ஓர் இடத்தில் அரை மணி நின்றுவிட்டு ஓடுகிற கார் மலையில் விட்டுவிட்டு வருவது எவ்வளவு? இரண்டு டீ, ஒரு சோளக்கதிர், நான்கு பாட்டில். அங்கேயே ஒரு ராத்திரி தங்கி, உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட்டு, உள்ளூர் ஆளை வழிகாட்டியாகக் கூட்டிப் போகிறவர் விடுவது எவ்வளவு? வித்தியாசம் சாதாரணக் கணக்குத்தான்.

இத்தாலியில் வெனிஸ் நகரம் இந்தக் கணக்கைத்தான் போட்டது. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமான நாட்களில் காலையில் வந்து மாலையில் ஓடிவிடுகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம். ஊரில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. விருந்தாளிக்கு வரவேற்பு, வேடிக்கை பார்த்துவிட்டு ஓடுகிறவருக்கு வரி!

"இது நேஷனல் ஹைவே. யாரை, எப்படித் தடுப்பீங்க?" இதுவும் சரி. கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி வரை போகிற பாதை. சரக்கு லாரியை, நோயாளியை, கல்யாண வண்டியை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. 2024 ஜனவரியில் மூணாறு - போடிமெட்டு பகுதி, 42 கிலோமீட்டர், அகலப்படுத்தித் திறக்கப்பட்டது. மேலே ரோடு அகலமாகிவிட்டது. போடிக்கு இறங்க அதே பதினேழு வளைவுகள்தான். ஒரு பக்கம் வாயை அகலமாகத் திறந்துவிட்டு, மறுபக்கம் பழைய தொண்டையை வைத்திருக்கிறோம். சிக்காமல் என்ன செய்யும்?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் என்ன செய்தார்கள்? சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் கோடை சீசனுக்கு எண்ணிக்கையே வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகள் எதிர்த்தார்கள். அவர்கள் கவலையும் புரிகிறது. ஆனால், 'இந்த மலை இவ்வளவுதான் தாங்கும்' என்று ஓர் எண்ணை உரக்கச் சொன்னதே பெரிய காரியம். அந்தக் கேள்வியைப் போடி மலையைப் பார்த்து யாரும் இன்னும் கேட்கவில்லை. மலை இரண்டு மாநிலத்துக்கும் சொந்தமாக இருப்பதால், பொறுப்பு யாருக்கும் சொந்தமாக இல்லை.

நான்கு கோரிக்கைகள்

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்குப் பிடிக்காது. என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: ஏலத்தோட்டப் பெண்களுக்குப் பஸ் வேண்டும். 2021-இல் தமிழக அரசு நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொண்டுவந்தது. 2024-இல் அதை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப் பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் போடிமெட்டு இல்லை. எல்லை தாண்டும் வழித்தடம் என்று சொல்வார்கள். எல்லை தாண்டிச் சபரிமலைக்கு ஸ்பெஷல் பஸ் விட முடிகிறது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் நான்கு, மாலையில் நான்கு பஸ் விட முடியாதா? தோட்டங்கள் சிதறிக் கிடப்பதால் கடைசித் தூரத்துக்கு ஜீப் வேண்டியிருக்கும். இருக்கட்டும். மலைச்சாலையின் வளைவுகளையாவது அவர்கள் பஸ்ஸில், சீட்டில் உட்கார்ந்து கடக்கட்டும்.

இரண்டு: காலை எட்டு மணி வரையிலும், மாலை நான்கு முதல் ஆறு வரையிலும் போடி மலைச்சாலையின் வளைவுகளில் சுற்றுலா வண்டி எதுவும் நிற்கக் கூடாது. நிறுத்தினால் அபராதம். பார்க்க வேண்டும் என்றால் அகலமான இரண்டு, மூன்று இடங்களை ஒதுக்கி, அங்கே மட்டும் நிறுத்த விடலாம். அங்கே ஒரு கழிப்பறையும் ஒரு குப்பைத் தொட்டியும் வைத்தால் பெண்களும் மலையும் வாழ்த்தும்.

மூன்று: காலையில் ஏறி மாலையில் இறங்கும் சுற்றுலாக் காருக்கு ஒரு கட்டணம். அந்தப் பணம் மலையை விட்டுப் போகக் கூடாது. குப்பை அள்ளவும், மேலே சொன்ன பஸ்ஸுக்கும், தோட்டத்துப் பெண்களுக்கு ஒதுங்க இடம் கட்டவும் அது போக வேண்டும். இரண்டு மாவட்டக் கலெக்டர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் நடக்கும். முல்லைப் பெரியாறு மாதிரிப் பெரிய விவகாரம் இல்லையே இது!

நான்கு: இது உங்களுக்கு. ஒரு நாளைக்கு ஓர் இடம். அவ்வளவுதான். 2010 கடைசியில் மூடிய போடி ரயில் பாதை, அகலப் பாதையாகி 2023 ஜூன் 15 முதல் திரும்பவும் போடி வரை வருகிறது. சென்னையிலிருந்தே ரயில் இருக்கிறது. போடியிலிருந்து மூணாறுக்கு அரசு பஸ் இருக்கிறது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். வளைவில் டிரைவர் நிறுத்த மாட்டார். அதனால் நீங்கள் மலையைப் பார்ப்பீர்கள்.

மூன்றாம் நாள் நான் அதைத்தான் செய்தேன். மேகமலைக்குப் போன காரில் ஏறவில்லை. குரங்கணிக்குப் பஸ் பிடித்துப் போய், ஊர் எல்லையைத் தாண்டாமல், ஆற்றோரம் ஒரு பாறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முகட்டில் மேகம் வந்தது, போனது, மறுபடி வந்தது. தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டு இறங்கிய சரிவு எது என்று டீக்கடைப் பெரியவர் கை நீட்டிக் காட்டினார். அந்தப் பதினொன்றாம் தேதி சாயங்காலம் மலையிலிருந்து கேட்ட கூக்குரலைப் பற்றியும் சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். எந்த அட்டையிலும் இல்லாத பாயின்ட் அது.

போடிமெட்டில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பாதிப் பதில் இருக்கிறது. 'நீங்கள் இருபது வருடமாக ஏறி இறங்குகிற மலையைப் பார்க்க வந்தேன். உங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகத் தெரிந்தேன்.'

கிளம்புகிற அன்று அந்த லேமினேட் அட்டையின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, என் கையெழுத்தில் ஒரு வரி எழுதி வைத்தேன்: 'காலை 8 மணி வரை இந்தச் சாலை வேலைக்குப் போகிறவர்களுடையது. அதற்குப் பிறகு கிளம்பவும்.'

பண்ணை வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எட்டு மணிக்குக் கிளம்புனா ஆறு பாயின்ட் கவர் ஆகாதே சார்?"

ஆகாதுதான். ஆகவே வேண்டாம்!